கை பருக்கவில்லை, பலம் மட்டும் கூடியது எப்படி?

கேள்வி: என் மகனுக்குப் பதினாறு வயசு. பளு தூக்கும் பயிற்சிக்குப் போய் ஒரு மாதம்தான் ஆகிறது. முதலில் திணறிய எடையை இப்போது சாதாரணமாகத் தூக்குகிறான். ஆனால் டேப் வைத்து அளந்தால் கை அப்படியேதான் இருக்கிறது. கூட வரும் பையன்கள் புரோட்டீன் பவுடர் வாங்கச் சொல்கிறார்களாம், வாங்கித் தரலாமா?
– ஒரு வாசகி, சத்துவாச்சாரி

பதில்: பவுடர் வேண்டாம்மா, டேப்பையும் உள்ளே வையுங்கள். முதல் சில வாரங்களில் கூடுகிற பலத்தில் பெரும்பங்கு நரம்பு பழகி வருவது. 1979இல் மோரிடானி, டிவ்ரீஸ் என்ற இருவர், முழங்கையை மடக்கும் தசையின் மின் துடிப்பை அளந்து இதைக் காட்டினார்கள்.

தசையை இயக்கும் ஒரு நரம்பு செல், கிளை பிரிந்து பல தசை நார்களைப் பிடித்திருக்கும். அது துடித்தால் அதன் கீழ் உள்ள நார்கள் எல்லாம் சேர்ந்து சுருங்கும், பாதி மட்டும் என்ற பேச்சே கிடையாது. கண்ணை அசைக்கும் தசையில் ஒரு செல்லுக்குப் பத்து நார் அளவுதான், கெண்டைக்காலில் ஆயிரத்துக்கும் மேல். கண் அவ்வளவு நுணுக்கமாக நகர்வது அதனால்தான்.

குழாயடியில் குடத்தைக் கையில் தூக்கிப் பிடித்தபடியே நிரப்பிப் பாருங்கள். காலியாக இருக்கும்போது சின்ன செல்கள் மட்டும் வேலை செய்யும், தண்ணீர் ஏற ஏற பெரியவை ஒவ்வொன்றாக வந்து சேரும், முன்பே சேர்ந்தவையும் இன்னும் வேகமாகத் துடிக்கும். இந்த வரிசையை ஹார்வர்டில் எல்வுட் ஹென்னமேன் பூனைகளில் ஆராய்ந்து 1965இல் விரிவாக எழுதினார். புதிதாகத் தூக்குகிறவனுக்குப் பெரிய செல்கள் முழுசாக இறங்காது, போதாததற்கு எதிர்ப்பக்கத் தசையும் இறுகிக்கொண்டு தடுக்கும். பழகப் பழக இரண்டும் சரியாகும், உங்கள் பையனுக்கு இப்போது நடப்பது அதுதான். உங்கள் ஊர் சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில், இரண்டு வகைத் தூக்கலிலும் சேர்த்து 328 கிலோ தூக்கித் தங்கம் வாங்கினார். உடம்பு எடை அந்த வரம்பைத் தாண்டாமல் அவ்வளவு தூக்க வெறும் தசை போதாது.

தசை பருப்பது பின்னால் மெல்ல வரும். முட்டை, பருப்பு, நல்ல தூக்கம், அப்புறம் கோச் சொல்கிற எடை, இந்த வயசுக்கு இது போதும்.

கேள்வி: ரத்தினகிரி முருகன் கோயில் படி ஏறும்போதுதான் மூச்சு வாங்குகிறது. ஆனால் மறுநாள் தொடை வலிப்பது இறங்கியதால்தான் என்கிறான் பேரன். உண்மையா?
– ஒரு வாசகர், ஆற்காடு

பதில்: பேரன் சொன்னது சரிதான் ஐயா. இறங்கும்போது முன்தொடைத் தசை இறுகிக்கொண்டே நீள்கிறது. அப்படி நீளும் தசை, கொஞ்சம் நார்களை வைத்தே நிறைய எடையைத் தாங்கிவிடும். 1952இல் லண்டனில் அபட், பிக்லண்ட், ரிச்சி மூவரும் இரண்டு சைக்கிளை முதுகோடு முதுகாகச் சங்கிலியில் இணைத்து, ஒருவரை மிதிக்கவும் இன்னொருவரை அதை எதிர்த்து அழுத்தவும் வைத்தார்கள். எதிர்த்தவருக்கு ஆக்சிஜன் செலவு மிகவும் குறைவு. இறங்கும்போது உங்களுக்கு மூச்சு வாங்காததும் அதனால்தான், ஆனால் சுமை கொஞ்ச நார்களின் மேலேயே விழுவதால் அவற்றில் நுண்ணிய சேதம் ஏற்பட்டு ஒன்றிரண்டு நாளில் வலி உச்சத்துக்கு வரும். லாக்டிக் அமிலம் தேங்கியதால் என்று பலர் சொல்வது சரியில்லை, அது ஓரிரு மணி நேரத்திலேயே கரைந்துவிடும். சில வாரத்துக்குள் மறுபடி ஏறி இறங்கினால் வலி நன்றாகவே குறைந்திருக்கும். ஆனால் வலியோடு சிறுநீர் கருத்துப் போனால் உடனே டாக்டரிடம் போய்விடுங்கள்.