எரிமலைக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் குடிப்பது நல்ல தண்ணீர்தானா? எரிமலை வாய்க்குள் ஏரி உண்டானது மழையாலா?

2019 அக்டோபரில் ஹவாய் பெரிய தீவில் நான்கு நாள் இருந்தோம். கிலாவேயா எரிமலைக்குப் பக்கத்து ஊர், பெயரே வோல்கேனோதான். வாடகை வீட்டின் சமையலறைக் குழாய்க்கு மேலே, ‘குளிக்கலாம், பாத்திரம் கழுவலாம், குடிக்காதீர்கள்’ என்று ஒட்டியிருந்தது. கீழே இரண்டு பிளாஸ்டிக் கேன். எரிமலையாலா என்று வீட்டுக்காரம்மாவிடம் கேட்டேன். சிரித்துவிட்டார். அங்கே வீடுகளுக்கு அரசுக் குடிநீர் இணைப்பே கிடையாதாம். கூரையில் விழும் மழை அப்படியே தொட்டிக்குப் போகிறது. குடிப்பதற்குப் பொதுக் குழாயில் பிடித்து வருகிறார்கள். நம் ஊர் குடத்துக்குப் பதில் கேன், அவ்வளவுதான்.

எரிமலைக்கும் பங்கு உண்டு, ஆனால் சுற்றி வளைத்து. அது விடும் கந்தக டைஆக்சைடு காற்றில் மாறி அமில மழையாக இறங்குகிறது. கூரை ஆணி, பழைய பெயின்ட், குழாய் பற்றவைப்பு இவற்றில் ஈயம் இருந்தால் அதைக் கரைத்துக்கொண்டு தொட்டிக்குள் போய்விடும். 1988-ல் கோனா பகுதியில் சோதித்தபோது, மழைத் தொட்டி வைத்திருந்த வீடுகளில் கிட்டத்தட்ட 40 சதவீதத்தில் தண்ணீரில் ஈயம் இருந்தது. சிலருடைய ரத்தத்திலும். இத்தனைக்கும் கோனா இருப்பது தீவின் மறுபக்கம். காற்று கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறது. அப்புறம்தான் தீவு முழுக்க ஈயச் சாமான்களைக் கழற்றி எறிந்தார்கள்.

சாம்பல் கொட்டினால் தொட்டிக்குப் போகும் குழாயை உடனே கழற்றிவிட வேண்டும். முதல் மழையைத் தெருவுக்கு விட்டுவிட்டு, அப்புறம் தொட்டிக்குத் திருப்புவோமே, அதே வேலை.

சரி, ஏரிக்கு வருகிறேன். மழை நேராக நிரப்பியது இல்லை. 2018-ல் கிலாவேயா உச்சியில் ஹலேமாவுமாவு பள்ளத்தின் தரை 500 மீட்டர் போல உள்வாங்கி, நிலத்தடி நீர்மட்டத்துக்கும் கீழே போய்விட்டது. கிணறு வெட்டினால் ஊறுமே, அப்படித்தான். 2019 ஜூலை கடைசியில் அடியில் பச்சையாக ஒரு குட்டை தெரிந்தது. நாங்கள் போன மாதத்தில்தான் ட்ரோன் அனுப்பித் தண்ணீர் மொண்டு பார்த்தார்கள். எங்களைப் போன்றவர்கள் நிற்கும் இடத்திலிருந்து குட்டை கண்ணில் படாது. அவ்வளவு தூரம் போயும் பார்க்கவில்லையே என்று இன்னும் ஆதங்கம்தான். அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தேன். 2020 டிசம்பர் 20 இரவு லாவா பொங்கியது. கிட்டத்தட்ட 50 மீட்டர் ஆழத் தண்ணீர், விடிவதற்குள் ஆவியாகிப் போய்விட்டது.