தாமரைக் கிழங்கு உருண்டை எண்ணெயில் உடைந்துபோகிறதே, முட்டையும் கோதுமை மாவும் சேர்க்காமல் செய்ய முடியாதா?

தாராளமாக முடியும். துருவி நன்றாகப் பிழிந்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். பிழிந்த தண்ணீரை என்ன செய்தீர்கள் என்பதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. கொட்டியிருப்பீர்கள். உருண்டையைப் பிடித்துவைக்க வேண்டிய மாப்பொருள் அதோடு போய்விட்டது. பிறகு முட்டையைத் தேடாமல் என்ன செய்வது?

நீங்கள் கொழும்பில் இருப்பவர் என்று வைத்துக்கொள்கிறேன். அங்கே பெரிய கடைகளில் கழுவித் துடைத்து, பிளாஸ்டிக் தாள் சுற்றி, வெள்ளை வெளேரென்று வைத்திருப்பது இளங்கிழங்கு. மெல்லிய வில்லைகளாக வெட்டிப் பொரிக்க அது நன்றாக இருக்கும். உருண்டைக்கு முற்றிய கிழங்கு வேண்டும்: கட்டையாக, தடிப்பாக, தோல் சற்றுப் பழுப்பேறியதாக. வெட்டிய முகத்தை விரலால் தடவினால் பிசுபிசுவென்று மா ஒட்டவேண்டும். வாங்கும்போது இரண்டு முனையும் கணுவோடு மூடியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரு முனை உடைந்திருந்தாலும் துவாரங்களுக்குள் சேறு புகுந்திருக்கும். ஈர்க்கை விட்டுக் குடைந்துகொண்டு அரைநாள் உட்காரவேண்டியதுதான்.

திருகோணமலையில் எங்களுக்கு அந்தக் கவலை குறைவு. ஆவணி, புரட்டாதியில் கந்தளாய், தம்பலகாமம் பக்கத்துக் குளங்களில் தண்ணீர் இறங்கும்போது கிழங்கு சேறும் சகதியுமாகச் சாக்கில் சந்தைக்கு வரும். அந்தச் சேற்றைப் பார்த்து முகத்தைச் சுளிப்பவர்கள் உண்டு. சேறு பூசிய கிழங்குதான் வாடாமல் இருக்கும். குளக்கட்டுகளில் நடந்தே உத்தியோக காலத்தைக் கழித்தவன் நான். இதில் எனக்கு யாரும் பாடம் எடுக்கவேண்டாம்.

இந்த உருண்டை நம்முடைய பண்டம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், யாராவது சண்டைக்கு வருமுன். நாம் தாமரைக் கிழங்கைத் தேங்காய்ப்பால் விட்டுக் கறிதான் வைப்போம். உருண்டை சீனாவின் ஹூபே மாகாணத்துச் சாப்பாடு. யாங்சி ஆற்றங்கரையில் ஏரிகள் நிறைந்த இடம் அது. என் அண்ணன் மகள் அதன் தலைநகரான வூஹானில் மருத்துவம் படித்தாள். அங்கே உட்புறம் வரிவரியாகக் கீறிய மண்சட்டியில் கிழங்கைத் தேய்த்துக் கூழாக்குவார்களாம். காஷ்மீரில் மாக்கரைசலில் தோய்த்துப் பொரிப்பது வேறு வகை. அதைக் கொண்டுவந்து இதோடு குழப்பாதீர்கள்.

அவள் திருகோணமலை உவர்மலையில் வீடு கட்டிக் குடிபுகுந்த அன்று முழுக்கச் சைவச் சாப்பாடு. "சித்தப்பா, வடையோடு இந்த உருண்டையும் இருக்கட்டும்" என்று கேட்டாள். கொல்லையில் சமையல்காரர் கிழங்கைத் துருவிப் பிழிந்தார், பிழிந்த சட்டியைத் தூக்கினார், வாய்க்காலை நோக்கி நடந்தார். நான் குறுக்கே போய் நின்றேன். "ஐயா, இது கழிவுத் தண்ணீர்" என்றார். "தம்பி, கீழே வைத்துவிட்டு ஒரு தேநீர் குடியுங்கள்" என்றேன். இடையில் என் மைத்துனர் லண்டனிலிருந்து வந்த கையோடு தாராளமாக அறிவுரை வழங்கினார்: கோதுமை மாவைப் போட்டால் வேலை முடியுமாம். அவரை யாரும் கேட்கவில்லை.

கால் மணி நேரம் கழித்து மேலே நின்ற பழுப்புத் தண்ணீரை மெல்லச் சரித்து ஊற்றினேன். சட்டியின் அடியில் சுண்ணாம்பு பூசியதுபோல வெள்ளையாக ஒரு படை. கரண்டியின் விளிம்பால் சுரண்டினால்தான் பெயர்ந்தது. அதைத் துருவலோடு சேர்த்துப் பிசைந்ததும் சமையல்காரர் ஓர் உருண்டையை எடுத்து அழுத்திப் பார்த்தார், பிளக்கவில்லை. பிறகு அவர் ஒன்றும் பேசவில்லை, மைத்துனரும் பேசவில்லை.

இப்போது உங்களுக்கு. ஒரு கிலோ கிழங்கைத் தோல் சீவி, தேசிக்காய்ச் சாறு விட்ட தண்ணீரில் போடுங்கள். வெறுமனே வைத்தால் கறுக்கும். இரும்புச் சட்டி பட்டால் இன்னும் கறுக்கும், ஆகவே எவர்சில்வரோ பீங்கானோ எடுங்கள். துருவும் தகட்டின் நுண்ணிய பக்கத்தில் துருவுங்கள். மிக்சியில் நிறையத் தண்ணீர் விட்டு அரைக்கிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. சொட்டுவது நின்றால் போதும், சக்கையாகும்வரை பிழியாதீர்கள். அடியில் படிந்த மாவைச் சேர்த்து, இஞ்சி, மிளகு, பொடியாக அரிந்த வெங்காயம், கறிவேப்பிலை போடுங்கள். பச்சை மிளகாய் நம் சேர்க்கை. அது இல்லாமல் எனக்கு இறங்காது. உப்பை உருட்டுவதற்குச் சற்று முன்புதான் போடவேண்டும், முன்கூட்டியே போட்டால் மறுபடியும் தண்ணீர் விடும். உருண்டைகள் சிறிதாகவே இருக்கட்டும். பெரிதாக உருட்டினால் வெளியே சிவந்து உள்ளே பச்சையாக நிற்கும். குளத்துக் கிழங்கை அரைவேக்காட்டில் தின்னக்கூடாது, அதில் ஒட்டுண்ணிப் புழு இருக்கலாம்.

மிதமான சூட்டில் எண்ணெயில் விட்டபிறகு, மேல் இறுகும்வரை அகப்பையை உள்ளே விடாதீர்கள். பாதிப்பேர் கிண்டியே உடைக்கிறார்கள். வெந்ததும் எடுத்து ஆறவைத்து, பரிமாறுமுன் நல்ல சூட்டில் ஒருமுறை போட்டு எடுங்கள். 2022 இல் இலங்கையில் சமையல் எரிவாயுத் தட்டுப்பாட்டின்போது வரிசையில் நின்றவர்களுக்கு இரண்டு முறை பொரி என்றால் கோபம் வரும், தெரியும். ஒரே முறை பொரித்தாலும் உடையாது. முறுகல்தான் சற்றுக் குறையும்.

தாச்சியைப் பற்றிச் சொல்லாமல் விட மனமில்லை. குழிந்த, கனமான தாச்சி ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது, அம்மா காலத்துச் சாமான். எண்ணெய் சீராகச் சுடும், உருண்டை தானாகப் புரளும். அந்த விசேஷம் முடிந்த கையோடு உறவினர் ஒருவர் தம் வீட்டுத் திவசத்துக்கு இரவல் கேட்டார். கொடுத்தேன். மாதங்கள் போனபின் ஒரு காது உடைந்து, அடி கருகித் திரும்பி வந்தது. கேட்டால், "பழசுதானே அண்ணை" என்றார். பழசு என்று தெரிந்துதானே வாங்கிப்போனீர்கள்? சாமத்தியவீடு, திவசம் என்றால் வாடகைக்குப் பாத்திரம் கொடுக்கும் கடைகள் இந்த ஊரில் இல்லையா? இரவல் வாங்குகிறவர்கள் திருப்பித் தரும்போது கழுவியாவது தரலாம். பெயரைச் சொல்லவில்லை, வாசித்தால் அவருக்கே விளங்கும்.

கோதுமை மா சேர்ப்பது குற்றம் என்று நான் சொல்லவில்லை. கடைக்குக் கொடுக்கிறவர்கள் கட்டுபடியாக வேண்டுமென்று சேர்ப்பார்கள், அது அவர்கள் கணக்கு. உங்களுக்கு இளங்கிழங்கு தவிர வேறு கிடைக்கவே இல்லையென்றால் ஒரு மேசைக்கரண்டி அரிசி மா போடுங்கள். அதற்குமேல் போனால் நீங்கள் தின்பது மா உருண்டை.

பிசைந்ததை மறுநாளுக்கு வைக்காதீர்கள், கறுத்து நீர்த்துவிடும். எல்லாவற்றையும் பொரித்துவிடுங்கள். ஹூபேயில் மிஞ்சிய உருண்டைகளைச் சூப்பில் போடுவார்களாம். நாங்கள் சொதியில் போடுகிறோம். சொதியை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகே போடுங்கள், கொதிக்கும்போது போட்டால் ஊறிக் கரைந்துவிடும்.