வாய் ஒன்று, வயர் வேறு: சார்ஜர் கேள்வி பதில்

மட்டக்களப்பு டவுனில் இருபது வருடத்துக்கு மேலாகப் போன் திருத்துகிறேன். "டைப் சி வந்தால் எல்லாத்துக்கும் ஒரே வயர் என்றார்கள், இப்போது வீட்டில் முன்பை விட வயர் கூடிப்போயிற்று" என்று கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள். கேள்விகளை எழுதி அனுப்புங்கள், ஞாயிறு பின்னேரம் இருந்து பதில் போடுகிறேன் என்றேன். இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை. தெரிந்ததற்கு நீட்டி எழுதியிருக்கிறேன். என் வேலையில்லாததற்கு வேறு ஆளைக் காட்டியிருக்கிறேன்.

கேள்வி (களுவாஞ்சிக்குடி): அப்பாவின் போன் வி8, என்னுடையது டைப் சி, அண்ணனுடையது ஐபோன் 11. எல்லாவற்றையும் எறிந்துவிட்டு ஒரே சார்ஜர் வைத்திருக்க முடியுமா?

எறிய வேண்டாம் தங்கச்சி. சுவரில் குத்துகிற அடாப்டர் வேறு, வயர் வேறு. பழைய சதுர யூஎஸ்பி வாய் ஒன்றும் டைப் சி வாய் ஒன்றும் உள்ள நல்ல அடாப்டர் ஒன்று வாங்கினால் மூன்று பேருக்கும் அது போதும். வயர் மட்டும் ஆளுக்கொன்று: அப்பாவுக்கு வி8, அதாவது மைக்ரோ யூஎஸ்பி, உங்களுக்கு சி டு சி, அண்ணனுக்கு சி டு லைட்னிங். அடுத்த போன் வாங்கும்போது மற்ற இரண்டும் தானாகக் கழன்றுவிடும்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். வி8 வயரின் முனையில் மாட்டி அதை டைப் சி ஆக்குகிற சின்னத் தொப்பி கடைகளில் கொத்தாகத் தொங்கும். அதை வாங்க வேண்டாம். காரணம் கீழே வருகிறது.

கேள்வி (பாலமீன்மடு): இரவில் தொழிலுக்குப் போகத் தலையில் கட்டுகிற டார்ச் ஒன்று வாங்கினேன். டைப் சி வாய்தான். மகளின் புதுப் போன் சார்ஜரில் போட்டால் ஒரு சொட்டும் ஏறவில்லை. பழைய சார்ஜரில் ஏறுகிறது. டார்ச் பழுதா, சார்ஜர் பழுதா?

இரண்டும் பழுதில்லை அண்ணன். டார்ச் செய்தவன் கஞ்சன்.

பழைய சதுர வாயில் எந்நேரமும் 5 வோல்ட் நிற்கும். எதைக் குத்தினாலும் கொடுக்கும். டைப் சி அப்படியில்லை. எதிரில் யார் என்று தெரியும்வரை வாயை மூடிக்கொண்டிருக்கும். டைப் சி வாயில் 24 முனைகள். அதில் சிசி என்று இரண்டு முனை, ஆளை அடையாளம் காண்பதற்கு. கரண்ட் வாங்குகிற பொருளுக்குள்ளே அந்த இரண்டிலும் ஒவ்வொரு 5.1 கிலோ ஓம் தடை இருக்க வேண்டும். அதைக் கண்டால்தான் சார்ஜர் திறக்கும். மலிவு டார்ச், மின்விசிறி, ஸ்பீக்கர், சவர மெஷின் செய்கிறவர்கள் பழைய வி8 போர்டிலேயே வாயை மட்டும் மாற்றிவிட்டு அந்தத் தடைகளைப் போடாமல் விட்டுவிடுகிறார்கள்.

இதே மாதிரி டார்ச் ஒன்று போன மாரியில் என் மேசைக்கு வந்தது. மூடியைத் திறந்து விளக்குக் கண்ணாடியால் பார்த்தால், வாய்க்குப் பின்னால் தடை வைக்கவேண்டிய இரண்டு இடமும் வெறுமையாக ஈயம் மட்டும் பூசிக் கிடந்தது. ஒரு பழைய போர்டிலிருந்து 512 என்று எழுதிய இரண்டு தடை கழற்றினேன். அரிசிக் குறுணி அளவுதான் இருக்கும். மூச்சு விட்டால் பறந்துவிடும், ஒன்று பறந்தும் போயிற்று, மேசைக்குக் கீழே அரை மணித்தியாலம் தேடினேன். ஒட்டி முடித்து சி டு சி வயரைக் குத்தியதும் சிவப்பு விளக்கு எரிந்தது. உங்களுக்கு இவ்வளவு பாடு வேண்டாம். சதுர வாய் சார்ஜரும் 'ஏ டு சி' வயரும் வைத்திருந்தால் போதும்.

பெரிய இடத்திலும் இந்தப் பிழை நடந்திருக்கிறது. 2019இல் வந்த ராஸ்பெரி பை 4 என்ற சின்னக் கணினியில் இரண்டு சிசி முனைக்கும் சேர்த்து ஒரே தடையைப் போட்டார்கள். சாதாரண வயரில் வேலை செய்தது. உள்ளே சிப் உள்ள நல்ல வயரில் வேலை செய்யவில்லை. பிறகு போர்டைத் திருத்தினார்கள்.

கேள்வி (செங்கலடி): இரவு முழுக்க சார்ஜில் விடலாமா?

விடலாம். தலையணைக்குக் கீழே மட்டும் வேண்டாம்.

கேள்வி (காத்தான்குடி): என் போன் பெட்டியில் 67 வாட் என்று இருக்கிறது. தம்பியின் 65 வாட் லாப்டாப் சார்ஜரும் டைப் சிதான். அதில் போட்டால் ஆமை வேகம். இரண்டு வாட்டுக்கு இவ்வளவு வித்தியாசமா?

வித்தியாசம் இரண்டு வாட்டில் இல்லை நானா, பாஷையில் இருக்கிறது. லாப்டாப் சார்ஜர் பேசுவது யூஎஸ்பி பிடி என்கிற பொதுப் பாஷை: 5, 9, 15, 20 வோல்ட்டில் எது வேண்டும் என்று போனைக் கேட்கும். உங்கள் போன் கம்பனி தனக்கென்று ஒரு பாஷை வைத்திருக்கிறது. அந்த வேகம் அதன் சொந்த அடாப்டரிலும் சொந்த வயரிலும்தான் வரும். பொதுப் பாஷையில் சில போன்களுக்குக் கொஞ்சம்தான் பேச வரும், அதனால்தான் ஆமை. சாம்சங் பொதுப் பாஷையிலேயே பிபிஎஸ் என்கிற ஒரு பேச்சு வழக்கைக் கேட்கும். அடாப்டரில் பிபிஎஸ் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள்.

வயரும் முக்கியம். சாதாரண சி டு சி வயர் 3 அம்பியர் வரைதான், ஆகக் கூடினால் 60 வாட். அதற்கு மேலே 5 அம்பியர் போகவேண்டுமென்றால் வயரின் முனைக்குள் தன்னை அறிவிக்கிற சிப் ஒன்று வேண்டும். சாம்சங் 45 வாட் போனுக்கும் அந்த வயர்தான், வாட் குறைவென்றாலும் அது இழுக்கிற அம்பியர் 3ஐத் தாண்டும். வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே வயர்.

கேள்வி (ஏறாவூர்): 65 வாட் லாப்டாப் சார்ஜரைப் போனில் போட்டால் பற்றரி வெடிக்காதா?

வெடிக்காது. சோறு போடுகிறவர் கையில் அண்டா இருந்தாலும் கேட்ட அளவுதானே கோப்பையில் விழும்.

கேள்வி (அக்கரைப்பற்று): கட்டாரிலிருந்து மச்சான் ஐபோன் 15 அனுப்பினார். வீட்டில் பழைய லைட்னிங் வயர் நாலு கிடக்கிறது. தொப்பி மாட்டிப் பாவிக்கலாமா? கட்டார் அடாப்டர் இங்கே சரிவருமா?

அடாப்டர் சரிவரும். அங்கேயும் நம்முடைய மாதிரி 13 அம்பியர் சதுரக் கால் பிளக்தான். தொப்பி கூடாது.

காரணம் சொல்கிறேன் என்றேன் அல்லவா. சதுர யூஎஸ்பியிலிருந்து டைப் சிக்குப் போகிற எந்த வயரிலும், எந்தத் தொப்பியிலும், உள்ளே 56 கிலோ ஓம் தடை ஒன்று இருக்க வேண்டும். "இது பழைய வாய், கொஞ்சமாக இழு" என்று போனுக்குச் சொல்வது அதுதான். மலிவுச் சாமானில் அந்த இடத்தில் 10 கிலோ ஓம் இருக்கும். அது "3 அம்பியர் இருக்கிறது, இழு" என்று பொய் சொல்லும். போன் நம்பி இழுக்கும். பாவம், மறுபக்கத்தில் இருப்பது 1 அம்பியர் அடாப்டர். கருகுவது அதுதான். கூகிளில் வேலை செய்த பென்சன் லியுங் என்ற பொறியியலாளர் 2015இல் இணையத்தில் விற்கிற வயர்களை ஒவ்வொன்றாக வாங்கிச் சோதித்து எழுதினார். 2016இல் உள்ளே கம்பிகளையே மாற்றி ஒட்டிய ஒரு வயர் அவருடைய லாப்டாப்பையே கொன்றுவிட்டது. சரியாகச் செய்த தொப்பியும் உண்டுதான். கடையில் தொங்குவதில் எது சரி என்று கண்ணால் பார்த்து என்னாலும் சொல்ல ஏலாது.

கேள்வி (கல்முனை, ஓர் ஆசிரியர்): லைட்னிங்தான் உறுதியான வாய். ஐரோப்பாக்காரன் சட்டம் போட்டு நல்லதைக் கொன்றுவிட்டான். ஒப்புக்கொள்கிறீர்களா?

சேர், பாதி ஒப்புக்கொள்கிறேன். இதற்குள் இன்னும் ஆறு பேர் எழுதிவிட்டார்கள். காத்தான்குடி நானா "பதினொரு வருடம் ஒரு வயருக்கு இரண்டு மடங்கு காசு வாங்கினான், அதுவா நல்லது" என்கிறார். வாழைச்சேனைத் தம்பி ஒருவர் "சட்டம் போட்டால் புதிது யார் கண்டுபிடிப்பான்" என்று சேரின் பக்கம் நிற்கிறார். சரி, மேசையில் கண்டதைச் சொல்கிறேன்.

லைட்னிங் 2012இல் ஐபோன் 5உடன் வந்தது. முனை ஒரே கட்டித் துண்டு, உள்ளே ஒடிய ஒன்றுமில்லை. அது சேர் சொல்வது போல உறுதிதான். ஆனால் அழுத்திப் பிடிக்கிற ஸ்பிரிங் எல்லாம் போனுக்குள்ளே இருக்கிறது. தேய்ந்தால் தேய்வது போன். டைப் சியில் ஸ்பிரிங் வயரின் முனைக்குள் இருக்கிறது. தேய்ந்தால் வயரை எறிந்துவிட்டு வேறு வாங்கலாம். 10,000 தரம் குத்திக் கழற்றத் தாங்க வேண்டும் என்பது அதன் கணக்கு. பழைய சதுர வாய்க்கு 1,500தான்.

டைப் சியின் குறை, போன் வாய்க்கு நடுவில் மெல்லிய நாக்கு ஒன்று நிற்பது. அது ஒடிந்து வருகிற போன்கள் என்னிடம் உண்டு. ஆனால் தானாக ஒடிந்து வந்ததை விட ஊசியால் கிண்டி ஒடித்து வந்ததே கூட. காற்சட்டைப் பொக்கற்றில் கிடந்து கிடந்து வாயின் அடியில் பஞ்சு இறுகும். வயர் 'டிக்' என்று உட்காராது. "வாய் போயிற்று" என்று கொண்டு வருகிறவர்களில் பாதிப்பேருக்குப் பஞ்சை எடுத்துவிட்டு அனுப்புகிறேன். போனை அணைத்துவிட்டு மெல்லிய மரப் பல்குத்தியால், நாக்கைத் தொடாமல், ஓரமாக எடுங்கள். ஊசி வேண்டாம். சட்டைப்பின் வேண்டாம். விளக்குமாற்று ஈர்க்கும் வேண்டாம்.

சட்டத்துக்கு வருவோம். 2009இல் ஐரோப்பாவில் கம்பனிகள் தாங்களாகவே மைக்ரோ யூஎஸ்பிக்கு ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டன. அப்பிளும் போட்டது, போட்டுவிட்டு ஒரு தொப்பியை விற்றுத் தப்பித்துக்கொண்டது. (தொப்பி என்றாலே எனக்கு ஏன் கோபம் வருகிறது என்று இப்போது விளங்கும்.) அதனால்தான் 2022 ஒக்டோபரில் 602 வாக்குகளோடு சட்டமாகவே கொண்டுவந்தார்கள். போன், டாப்லெட், கமரா, ஹெட்போனுக்கு 2024 டிசம்பர் 28 முதல், லாப்டாப்புக்கு 2026 ஏப்ரல் 28 முதல். வேகமாகச் சார்ஜ் ஏறுகிற போன் பொதுப் பாஷையும் பேச வேண்டும் என்று அதிலேயே இருக்கிறது. தன் பாஷையைக் கூடவே வைத்துக்கொள்ளத் தடையில்லை. அந்தச் சட்டம் கல்முனையில் செல்லாதுதான் சேர். ஆனாலும் ஐரோப்பாவுக்கு ஒரு வாயும் நமக்கு ஒரு வாயும் வைத்து எவன் போன் செய்வான்? 2023இல் ஐபோன் 15 உலகம் முழுக்க டைப் சியோடு வந்தது.

வாழைச்சேனைத் தம்பிக்கு: புதிய வாய் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதே வாய்க்குள்ளேயே 2021இல் 240 வாட் வரை கொண்டுபோய்விட்டார்கள். வாயை மாற்றாமலும் ஆள் வளரலாம்.

சேர் திரும்ப எழுதியிருக்கிறார்: "ஐபோன் 15 டைப் சி என்றாலும் படம் மாற்ற வேகமில்லையே." உண்மை. சாதாரண 15இல் உள்ளே பழைய யூஎஸ்பி 2 வேகம்தான், 480 மெகாபிட். 15 புரோவில்தான் 10 கிகாபிட். இந்த ஒரு கேள்வியில் சேர் வென்றார்.

கேள்வி (சாய்ந்தமருது): ஐபாட் பத்தாம் தலைமுறை டைப் சி. அப்பிள் பென்சிலின் வாலில் லைட்னிங். எப்படிச் சார்ஜ் போடுவது?

அப்பிள் தரும் குட்டித் துண்டு ஒன்று நடுவில் வேண்டும். ஓம், அதுவும் தொப்பிதான். செய்தவன் ஒழுங்காகச் செய்த தொப்பி.

கேள்வி (பொத்துவில்): அறுகம்பேயில் போன் கடலில் விழுந்தது. சார்ஜ் போட்டால் ஈரம் என்று காட்டுகிறது. அரிசிக்குள் போட்டிருக்கிறேன்.

அரிசியிலிருந்து முதலில் எடுங்கள் தம்பி. அரிசியால் பிரயோசனமில்லை, தூசும் மாவும் வாய்க்குள் போவதுதான் மிச்சம். 2024இல் அப்பிளே அரிசியில் போடாதே என்று எழுதிவிட்டது. கடல் தண்ணீர் வாய்க்குள் நிற்கும்போது கரண்டைக் கொடுத்தால் முனைகளை அது தின்னும். இரண்டு நாளில் பச்சை பூத்துவிடும். எங்கள் கரையோரத்தில் இந்தப் பச்சையை நான் பார்க்காத கிழமை இல்லை. எச்சரிக்கையைத் தட்டிவிட்டுச் சார்ஜ் போடாதீர்கள். போனை அணைத்து, இன்றைக்கோ நாளைக்கோ பக்கத்தில் திருத்துகிறவரிடம் கொடுத்து வாயைக் கழுவச் சொல்லுங்கள்.

கேள்வி (திருக்கோவில்): வெளிநாட்டுப் போனில் சிம் வேலை செய்யுமா?

வாயோடு சம்பந்தமில்லாத கேள்வி. ஆங்கிலத்தில் ஐஎம்இஐ என்று அடித்து, இடைவெளி விட்டுப் போனின் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணையும் எழுதி, தொலைத்தொடர்பு ஆணைக்குழுவின் 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்பிக் கேளுங்கள்.

கேள்வி (சம்மாந்துறை): பெரிய வாட் சார்ஜர் போட்டால் போன் வெடிக்குமா?

அண்டா. கோப்பை. மேலே இருக்கிறது.

கேள்வி (ஆரையம்பதி): வி8 வயர் நிறைய இருக்கிறது, டைப் சி தொப்பி...

இல்லை.

கேள்வி (கிரான்): நோக்கியா மெல்லிய பின் சார்ஜர் ஏழு, தடித்த பின் சார்ஜர் இரண்டு அம்மாவின் பெட்டியில் இருக்கிறது. எறியவா?

தடித்த பின் இரண்டையும் எறியாதீர்கள் மகள். புளியந்தீவில் ஓர் ஐயா இன்னும் அந்தப் போன்தான் பாவிக்கிறார். அவருடைய சார்ஜர் வயரை நான் மூன்று இடத்தில் ஒட்டியிருக்கிறேன், நாலாவது இடம் இப்போது பிய்கிறது. டவுனுக்கு வந்தால் கடையில் கொடுங்கள், பஸ் காசு நான் தருகிறேன்.