இலங்கையின் மலையகத்தில் சிறு தொழில் நடத்துபவர்களை உள்ளூர்ச் சட்டதிட்டங்கள் எப்படிப் பாதிக்கின்றன?

ஹட்டனுக்குச் சற்றுத் தள்ளி ஒரு சின்ன பேக்கரி வைத்திருக்கிறேன். போறணையில், அதாவது பாண் சுடும் அடுப்பில், இரண்டு பேர், கடையில் ஒரு பையன், பாட்டுப் போட்டபடி தெருத்தெருவாய் விற்கிற சூன் பாண் ஆட்டோவில் ஒருவர், அப்புறம் நானும் மனைவியும். எனக்குத் தெரிந்தது இந்த அளவுக் கடைதான். அதை வைத்தே சொல்கிறேன்.

கட்டணங்கள்தான் கழுத்தை நெரிக்கின்றனவா? இல்லை. பிரதேச சபையின் வருடாந்த வியாபார அனுமதிப்பத்திரத்துக்கு நான் கடைசியாகக் கட்டியது ஆயிரம் ரூபாய். ஐந்தாறு கிலோ கோதுமை மா வாங்கினால் அந்தக் காசு தீர்ந்துவிடும். நம்மை அலைய வைப்பது அந்த ஆயிரத்தைக் கட்டுவதற்கு முன் கேட்கிற காகிதங்கள். காணி உறுதி அல்லது வாடகை ஒப்பந்தம், கட்டடத்தின் இலக்கம், உரிமையாளரின் சம்மதம். லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில், பிறந்தவனிடம் இவற்றில் எதுவும் கிடையாது.

நான் தொடங்கியது லயத்துக் காம்பராவின் பின்கட்டில். பணிஸும் மாலு பாணும் போட்டுக் கூடையில் கொண்டுபோய் விற்றேன். ஓரளவு ஓடியதும், வியாபாரப் பெயரைப் பதிவு செய்தால் வங்கியில் கடன் கேட்கலாமே என்று ஆசை வந்தது. பதிவுக்குப் போனால் இடம் யாருடையது என்று கேட்டார்கள். தோட்டக் காணி அரசுடையது, 1992 முதல் கம்பனிகள் குத்தகைக்கு எடுத்து நடத்துகின்றன, நாங்கள் அதில் குடியிருப்பவர்கள். கம்பனி கடிதம் தந்தால் சரி என்றார்கள். மூன்று முறை தோட்டத்து ஆபீசுக்கு ஏறி இறங்கினேன். மூன்றாம் முறை தோட்டத்தை நிர்வகிக்கிற துரை சொன்னார்: “இன்றைக்கு இதைக் கடை என்று எழுதித் தந்தால் நாளைக்கு வரிசையாக இருபது பேர் வந்து நிற்பார்கள்.” அவர் பக்கத்திலிருந்து பார்த்தால் அதுவும் நியாயம்தான்.

கடைசியில் டவுனில் கடை எடுத்தேன். எட்டு மாத வாடகை முற்பணம். பதிவுக் கட்டணம் சில நூறு ரூபாய்தான், ஆனால் அதற்குத் தகுதியாக ஒரு முகவரி வாங்க எனக்கு அவ்வளவு செலவாயிற்று. என் சினேகிதன் ஒருவன் இன்னும் லயத்திலிருந்தே முறுக்கும் வடையும் போடுகிறான். என்னைவிடக் கைப்பக்குவம் உள்ளவன். பதிவு இல்லை, அதனால் கடன் இல்லை, பெரிய கடைகளுக்குச் சரக்குப் போடவும் முடியாது. பத்து வருடமாக அதே இரண்டு கூடைதான்.

தூரமும் ஒரு செலவு. அரசாங்க அலுவல்களுக்குப் போகிற அம்பகமுவ பிரதேச செயலகம் இருப்பது கினிகத்தேனையில். நோர்வூட்டில் தனிச் செயலகம் வருவதற்கு முன்னால், பொகவந்தலாவையில் கடை வைத்திருந்தவர் ஒரு கையொப்பத்துக்காக ஒரு நாள் வியாபாரத்தை விட வேண்டியிருந்தது. பெரிய கம்பனிக்கு இதற்கென்றே ஒரு கிளார்க் இருப்பார். இங்கே போறணைக்கு விறகு போடுகிறவனும் நான்தான், வரிசையில் நிற்கிறவனும் நான்தான்.

2018 உள்ளூராட்சித் தேர்தலோடு அம்பகமுவ பிரதேச சபை மூன்றாகப் பிரிந்தது: அம்பகமுவ, நோர்வூட், மஸ்கெலியா. அதேபோல் நுவரெலியா சபையிலிருந்து கொட்டகலையும் அக்கரப்பத்தனையும் தனியாக வந்தன. வரவேற்க வேண்டியதுதான், சபை பக்கத்தில் வந்தது. ஆனால் எங்கள் ஆட்டோ போகிற பாதையில் இப்போது ஒரு எல்லை விழுந்துவிட்டது. ஒரு நாள் காலை டிரைவர் போன் பண்ணினார்: “அண்ணே, மதகுக்கு அந்தப் பக்கம் விக்கிறதுன்னா தனி ரசீது வேணுமாம். நிப்பாட்டி வச்சிருக்காங்க.” எந்தச் சபை என்று சொல்லப் போவதில்லை, அங்கே வேலை செய்பவர்களும் நம்ம ஆட்கள்தான். அந்த மதகில் பெயர்ப்பலகைகூட இல்லை. அன்று பாட்டை நிறுத்திவிட்டு ஆட்டோ திரும்பி வந்தது, நாற்பது பணிஸ் மிச்சம். இப்போது இரண்டு இடத்திலும் கட்டுகிறோம். இன்னொரு விஷயம்: 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டம், தோட்டங்களுக்குள் செலவு செய்வதில் சபைகளின் கையைக் கட்டியிருந்தது. அதைத் திருத்தியது 2018இல்தான். அதனால் அந்த ஆட்டோ ஏறுகிற தோட்டத்துப் பாதையின் குழிகளுக்கும் ஒரு சட்ட வரலாறு உண்டு.

எல்லா விதியும் தொல்லை என்று சொல்ல மாட்டேன். 2024 பெப்ரவரியில் பாண் நிறைக்கு வர்த்தமானி வந்தது. ஒரு இறாத்தல் பாண் 450 கிராம் இருக்க வேண்டும், குறைந்தால் 13.5 கிராம் வரைதான். அரை இறாத்தல் 225, அதில் 9 கிராம் வரை குறையலாம். எங்கள் பெரிய பாஸ், அதாவது போறணையின் மூத்த வேலைக்காரர், கையாலேயே மாவை வெட்டுகிறவர். “தம்பி, முப்பது வருசமா இந்தக் கைதான் தராசு” என்றார். சரி அண்ணே என்று ஐந்து உருண்டையை எடுத்து ஒவ்வொன்றாகத் தராசில் வைத்தேன். 511, 496, 524, 503, 488. அவர் ஒன்றும் பேசவில்லை. கடைசி உருண்டையைத் தூக்கி ஒரு துண்டு மாவை ஒட்டி மறுபடி வைத்தார். வேகும்போது நீர் வற்றும், ஆறும்போது இன்னும் கொஞ்சம் போகும், அதனால் 510க்குக் குறையாமல் வெட்டுவது என்று அன்றே முடிவானது. மாச் செலவு கூடியது உண்மை. ஆனால் அதற்கு முன் மெலிந்த பாணை அதே விலைக்கு விற்ற கடைக்காரர்களோடு நான் போட்டி போட்டுக்கொண்டிருந்தேன். இந்த ஒரு விதி என் பக்கம் நின்றது.

தராசுக்கு வருடா வருடம் சீல் குத்த வேண்டும். அறிவித்த நாளில் தூக்கிக்கொண்டு போனால் வேலை முடிந்துவிடும்.

தொழிலாளியின் ஓய்வுக்காகச் சேர்க்கிற ஊழியர் சேமலாப நிதி விஷயம் கொஞ்சம் சிக்கல். சம்பளத்தில் முதலாளி 12 வீதம், தொழிலாளி 8 வீதம், அதற்கு மேல் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளி 3 வீதம். ஒரே ஒரு ஆள் வேலை செய்தாலும் கட்ட வேண்டும். பிந்தினால் 5 வீதத்தில் தொடங்கி 50 வீதம் வரை மேலதிகக் கட்டணம் ஏறும். இதில் நான் தனியாக மாட்டிக்கொள்வது எப்படியென்றால், பையன்களே வேண்டாம் என்கிறார்கள். “பிடிக்காம கையில குடுங்கண்ணே, நான் எப்படியும் அடுத்த வருசம் கொழும்புக்குப் போயிருவேன்.” சட்டப்படி அப்படிச் செய்ய முடியாது. என் அம்மா கொழுந்து பறித்து ஓய்வு பெற்றபோது கையில் வந்த பெரிய தொகை அந்தக் காசுதான், அதனால் நானும் விட்டுக்கொடுப்பதில்லை. இதைச் சொன்னால் பையன்கள் சிரிக்கிறார்கள். 2025 ஏப்ரலில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 27,000 ரூபாய் ஆனபோது இந்த நிதிகளுக்குக் கட்டுகிற தொகையும் அதோடு சேர்ந்து ஏறியது, பாண் விலையை மட்டும் நான் நினைத்தபடி ஏற்ற முடியவில்லை.

கடைசியாக, கட்டட அனுமதி. மா மூடை வைக்கக் கடைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை கட்ட நினைத்தேன். நுவரெலியா, பதுளை போன்ற மண்சரிவு மாவட்டங்களில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் சிபாரிசு இல்லாமல் சபை அனுமதி தராது. பத்தடி அறைக்கு இவ்வளவு கூத்தா என்று அப்போது வாய்க்கு வந்ததையெல்லாம் திட்டினேன். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழையில் எங்கள் பின்பக்க மேட்டில் ஒரு வெடிப்பு விழுந்தது. ஒரு கையை நுழைக்கலாம், அவ்வளவு அகலம். விண்ணப்பம் இன்னும் கோப்பில்தான் இருக்கிறது, நானும் போய்க் கேட்கவில்லை.

மூடைகளைப் பலகை போட்டுக் கடையின் முன்பக்கமே அடுக்கியிருக்கிறோம். காலையில் பிளேன்டீ குடிக்க வருபவர்கள் அதில்தான் சாய்ந்து நிற்கிறார்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர், எங்கள் பீ.எச்.ஐ. ஐயா, அடுத்த முறை வந்தால் அதற்கும் ஒரு குறிப்பு எழுதுவார்.