கன்றுக்கு யார் சொல்லிக் கொடுத்தது?

கேள்வி: எங்களுக்கு வலங்கைமான் பக்கம். குழந்தை பிறந்து 8 நாள் ஆகிறது. மார்பில் வாய் வைத்தாலே நழுவி அழுகிறாள். எனக்குக் காம்பு புண்ணாகிவிட்டது. இதே வாரம் கொட்டிலில் பசு கன்று போட்டது. ஒரு மணி நேரத்தில் அது எழுந்து மடியைப் பிடித்துவிட்டது. "கன்றுக்கு யார் சொல்லிக் கொடுத்தது? எல்லாம் தானா வரணும்" என்கிறார் அத்தை. எனக்குத்தான் தாய்மை உணர்வு இல்லையா டாக்டர்?

பதில்: கன்றைப் பார்த்த அத்தை, பசுவைச் சரியாகப் பார்க்கவில்லை. நானும் மாடு கட்டிய வீட்டில் வளர்ந்தவன். பிறந்த கன்று பல சமயம் முதலில் போய் முட்டுவது முன்னங்கால் நடுவில்தான். தாத்தா அதைத் தள்ளிக்கொண்டு போய், சீம்பாலை ஒரு சொட்டுப் பீய்ச்சி வாயில் வைப்பார். தலையீத்துப் பசு, அதாவது முதல் கன்று போட்டது என்றால் உதைக்கும். காலைக் கட்டித்தான் ஊட்டவிட வேண்டியிருக்கும்.

பிறவியிலேயே வரும் பங்கு உங்கள் மகளிடம் இருக்கிறது. கன்னத்தை விரலால் லேசாகத் தொடுங்கள். அந்தப் பக்கம் திரும்பி வாயைத் திறப்பாள். சில மாதங்களில் இது தானே மறைந்துவிடும். அவள் சப்பும்போது உங்கள் உடம்பில் ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் சுரந்து பாலை இறக்குவதும் அப்படித்தான், யாரும் கற்பிக்க வேண்டாம். ஆனால் பிள்ளையைப் பிடிக்கும் விதம் கற்றுக்கொள்வது. மற்ற தாய்களைப் பார்க்காமல் கூண்டில் வளர்ந்த கொரில்லாக்கூட முதல் குட்டியை வைத்துக்கொண்டு முழிப்பதுண்டு. அந்தக் காலத்தில் சித்தி, அக்கா பால் கொடுப்பதைப் பார்த்தே பெண்கள் வளர்ந்தார்கள். நீங்கள் எத்தனை பேரைப் பார்த்திருப்பீர்கள்?

சரி, இப்படிச் செய்யுங்கள். குழந்தையின் வயிறு உங்கள் வயிற்றோடு ஒட்டியிருக்கட்டும், மூக்கு காம்புக்கு நேரே. கொட்டாவி விடுவதுபோல் வாய் அகலத் திறந்ததும் சட்டென்று அணையுங்கள். காம்பு மட்டும் போனால்தான் புண்ணாகும்; காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் பெரும்பகுதியும் உள்ளே போக வேண்டும். வலித்தால் இழுக்காதீர்கள், கடைவாயில் சுண்டுவிரலை விட்டு எடுத்து மறுபடி வையுங்கள். தேனும் சர்க்கரைத் தண்ணீரும் வேண்டவே வேண்டாம். குழந்தை ஒரு நாளைக்கு 6 முறையாவது சிறுநீர் போக வேண்டும். அது குறைந்தாலோ, எழுப்பினாலும் குடிக்காமல் தூங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ உடனே மருத்துவமனைக்குத் தூக்கிப் போங்கள். உங்களுக்கு மார்பு சிவந்து காய்ச்சல் வந்தாலும் அப்படியே.

பிரசவமான முதல் வாரங்களில் காரணமில்லாமல் அழுகை வருவது சகஜம். இரண்டு வாரம் தாண்டியும் நீடித்தால் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கிராம சுகாதார செவிலியர் வீட்டுக்கு வரும்போது ஒரு தடவை அவர் எதிரிலேயே பால் கொடுத்துக் காட்டுங்கள். அத்தையையும் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள்.