குடல்வாலை எடுத்தது தவறா?

கேள்வி: என் மகளுக்கு வயது 20. கடும் வயிற்றுவலி, காய்ச்சல். அப்பெண்டிசைட்டிஸ் என்று சொல்லி அன்றிரவே ஆபரேஷன் செய்தார்கள். அதன் பிறகும் அதே வலி ஐந்து முறை வந்தது. ஒவ்வொரு முறையும் அதே மருத்துவமனையில் வலி மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஒன்றரை ஆண்டு கழித்து வேறொரு மருத்துவர் மரபணுப் பரிசோதனை செய்து, 'ஃபமிலியல் மெடிட்டரேனியன் ஃபீவர்' என்ற அரிய நோய் என்கிறார். வீணாக வயிற்றைக் கிழித்தவர்கள் மீது வழக்குப் போடலாமா?

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் ஆபரேஷனை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் வழக்கு நிற்காது என்பது என் கருத்து. இந்த நோயில் வயிற்றின் உள்சவ்வே அழற்சியடைகிறது. காய்ச்சல், விறைத்த வயிறு, ரத்தத்தில் எகிறிய சிஆர்பி (அழற்சியைக் காட்டும் புரதம்) எல்லாம் குடல்வால் அழற்சியைப் போலவே இருக்கும். குடல்வால் வெடித்தால் உயிருக்கு ஆபத்து என்பதால் மருத்துவர் காத்திருக்கத் தயங்குவார். கணிப்பில் நேர்ந்த பிழை மட்டுமே அலட்சியம் ஆகாது என்று 2005-ல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

உங்கள் வழக்கு ஆபரேஷனுக்குப் பிறகுதான் தொடங்குகிறது. எடுத்த குடல்வால் பயாப்சிக்குப் போனதா? 'அழற்சி இல்லை' என்று அறிக்கை வந்திருந்தால், அதை உங்களிடம் சொன்னார்களா? குடல்வாலே இல்லாத வயிற்றில் அதே வலி காய்ச்சலோடு வந்து, இரண்டு மூன்று நாளில் தானாக அடங்கி, மறுபடி வருகிறது. ஐந்து முறை பார்த்தும் ஏன் என்று தேடவில்லை, நிபுணரிடமும் அனுப்பவில்லை என்றால், அதற்கு அவர்கள் பதில் சொல்லியே ஆக வேண்டும். இந்த நோய்க்குக் கோல்சிசின் மாத்திரை 1972 முதலே பயன்பாட்டில் இருக்கிறது. சிகிச்சையில்லாமல் விட்டால் அமிலாய்டு என்ற புரதம் சிறுநீரகத்தில் படிந்து அதைக் கெடுக்கலாம். சிறுநீரில் புரதம் போகிறதா என்று உடனே பாருங்கள். முதலில் அது மகளின் நலனுக்காக; தாமதத்தால் நேர்ந்த இழப்பைக் காட்டுவது பிறகு.

நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க 2 ஆண்டுதான் கெடு. நோய் உறுதியான நாளிலிருந்து கணக்கிட வேண்டும் என்று வாதிடலாம். அதை நம்பி இருந்துவிடாதீர்கள். ஆபரேஷன் தேதியிலிருந்தே எண்ணினால் உங்களுக்கு மிச்சம் 6 மாதம். மகள் 18 வயது நிரம்பியவர் என்பதால் புகார் அவர் பெயரில் இருப்பதே பாதுகாப்பு. கேஸ் ஷீட், பயாப்சி அறிக்கை, டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாவற்றையும் அவர் கையெழுத்திட்டு எழுத்துமூலம் கேட்கட்டும். 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறி விதி.

காகிதங்கள் கைக்கு வந்ததும், அந்த மருத்துவமனையோடு தொடர்பில்லாத ஒரு அறுவை சிகிச்சை நிபுணரிடம் காட்டி எழுத்தில் கருத்து வாங்குங்கள். "நானும் இப்படித்தான் செய்திருப்பேன்" என்று ஆபரேஷனைப் பற்றி அவர் சொன்னால், அந்தப் பகுதியைப் புகாரிலிருந்து எடுத்துவிடுங்கள். பிந்தைய அந்த ஐந்து முறைகளைப் பற்றி என்ன சொல்கிறார் என்பதைத்தான் நான் முதலில் படிப்பேன்.