பழைய மினிவேன் குலுங்கினால் இன்ஜினையே மாற்ற வேண்டுமா?

உங்கள் கேள்வி: 15 வருடம் ஓடிய ஆறு சிலிண்டர் மினிவேன், சிக்னலில் நிற்கும்போது குலுங்குகிறது, பிக்கப் குறைந்துவிட்டது, செக் இன்ஜின் விளக்கு எரிகிறது. பார்த்தவர் "இன்ஜின் போச்சு, மாத்திடுங்க" என்கிறார். நம்பலாமா?

இப்போதைக்கு நம்ப வேண்டாம். குலுங்கலை மட்டும் வைத்து இன்ஜின் போய்விட்டது என்று யாராலும் சொல்ல முடியாது. என் வேனுக்கும் இதே தொல்லை வந்தது. முதலில் ஆக்சிஜன் சென்சாரை மாற்றினார்கள். அப்புறம் முன்வரிசையில் இருந்த மூன்று ஸ்பார்க் பிளக்கையும் மாற்றினார்கள். குலுங்கல் அப்படியே இருந்தது. அதன் பிறகுதான் ஸ்கேனரை, அதாவது வண்டியின் கம்ப்யூட்டர் பதிந்துவைத்த பிழைகளைப் படிக்கும் கருவியை, நானே மாட்டிப் பார்த்தேன். வந்த கோடு (பிழை எண்) பி0303, அதாவது மூன்றாவது சிலிண்டரில் மிஸ்ஸிங்.

இந்தக் கோடு எப்படி வருகிறது என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் பெட்ரோல் வெடிக்கும்போது கிராங்க் (இன்ஜினின் சுழலும் தண்டு) ஒரு சின்ன உந்துதல் பெற்று வேகமெடுக்கும். ஒரு சிலிண்டர் வெடிக்கத் தவறினால் அந்த இடத்தில் வேகம் குறையும். கம்ப்யூட்டர் அதைக் கணக்கு வைத்து எந்தச் சிலிண்டர் என்று சொல்கிறது. ஏன் என்பது அதற்குத் தெரியாது. பிளக், பிளக்குக்குக் கரண்ட் தரும் காயில், பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டர், கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம்), இவற்றில் எதுவாகவும் இருக்கலாம். கோடு காட்டுவது இடத்தை மட்டும்தான். காரணத்தை நாம்தான் தேட வேண்டும்.

மினிவேன்களில் இன்ஜின் பெரும்பாலும் குறுக்காக உட்கார்ந்திருக்கும். மூன்று சிலிண்டர் ரேடியேட்டர் பக்கம், மூன்று டேஷ்போர்டு பக்கம். பின்வரிசைக்குக் கை போவதே கஷ்டம். பல வண்டிகளில் இன்ஜினுக்குக் காற்றைக் கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றினால்தான் பிளக்கே கண்ணில் படும். அதனால் முன்வரிசையை மட்டும் மாற்றிவிட்டு "பிளக் மாத்தியாச்சு" என்று சொல்வது நிறைய நடக்கிறது. என் வண்டியில் மூன்றாவது சிலிண்டர் இருந்தது பின்வரிசையில். எண் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும், உங்கள் வண்டியின் மேனுவலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு முழு நாள் ஒதுக்கி, இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு மேனிஃபோல்டைக் கழற்றினேன். மூன்றாவது காயிலை மெதுவாகத் திருகி இழுத்தபோது அதன் ரப்பர் குழல் ஊறிப்போய், நுனியில் ஆயில் சொட்டியது. பிளக் குழிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் பிளக்கின் அறுகோணத் தலை கறுப்பு ஆயிலில் முங்கிக் கிடந்தது. இன்ஜினின் மேல்மூடியான டேப்பெட் கவரின் பேக்கிங்கும், பிளக் குழியைச் சுற்றியிருக்கும் சீலும் காய்ந்து கெட்டியாகி, ஆயில் உள்ளே கசிந்திருக்கிறது. அது ரப்பரைக் கெடுக்க, கரண்ட் பிளக்குக்குப் போகாமல் பக்கவாட்டில் தாவியிருக்கிறது. புது பேக்கிங் செட், பின்வரிசைக்கு மூன்று பிளக், ஒரு காயில். அவ்வளவுதான் மாற்றினேன். அன்று மாலை ஸ்டார்ட் செய்தபோது ஸ்டீயரிங்கில் கை வைத்தால் அதிர்வே தெரியவில்லை.

நீங்கள் செய்தாலும் வேறு யாராவது செய்தாலும் இரண்டு விஷயத்தில் கவனம் வேண்டும். குழியில் ஆயில் நின்றால், பிளக்கைக் கழற்றும் முன் துணியாலோ சிரிஞ்சாலோ முழுக்க எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் எல்லாம் சிலிண்டருக்குள் இறங்கும். மேனிஃபோல்டு கழன்றதும் திறந்திருக்கும் துளைகளைச் சுத்தமான துணியால் அடைத்து, எத்தனை துணி வைத்தோம் என்று எண்ணிக்கொள்ள வேண்டும். ஒரு சின்ன போல்ட் உள்ளே விழுந்தால் அப்போது நிஜமாகவே இன்ஜினை இறக்க வேண்டிவரும்.

பின்வரிசைவரை போகும் முன் எளிதாகச் செய்யக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது. கோடு முன்வரிசைச் சிலிண்டரைக் காட்டினால், அதன் காயிலைப் பக்கத்துச் சிலிண்டரின் காயிலோடு இடம் மாற்றி, கோடை அழித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். கோடும் கூடவே இடம் மாறினால் காயில்தான் குற்றவாளி. மாறாவிட்டால் பிளக்கையும் இன்ஜெக்டரையும் பாருங்கள்.

செக் இன்ஜின் விளக்கு நிலையாக எரியாமல் விட்டுவிட்டு மின்னினால் வண்டியை விரட்டவே கூடாது. எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரிந்து, உள்ளிருக்கும் தேன்கூடு போன்ற பகுதியையே உருக்கிவிடும். அது மிகவும் விலையுயர்ந்த பாகம்.

கோடே இல்லாமல் குலுங்கினால், இன்ஜினைத் தாங்கும் ரப்பர் பிடிமானமான இன்ஜின் மவுண்டைச் சந்தேகப்படுங்கள். பிரேக்கை மிதித்தபடி கியரை டி-யில் வைத்தால் குலுங்கி, நியூட்ரலில் வைத்ததும் அடங்கினால் பெரும்பாலும் அதுதான். பி0171 அல்லது பி0174 வந்தால் பெட்ரோலுக்குத் தேவைக்கு மேல் காற்று சேர்கிறது என்று பொருள், முதலில் ஏர் லீக்கைச் சந்தேகப்படுங்கள். 15 வருடத்தில் ரப்பர் குழாய்கள் வெடிக்காமல் இருப்பதுதான் அபூர்வம். ஸ்கேனரில் ஃபியூயல் ட்ரிம் எண்ணை (கம்ப்யூட்டர் பெட்ரோலை எவ்வளவு கூட்டிக் குறைக்கிறது என்பதை) பாருங்கள்: ஐடிலில் 10 சதவீதத்துக்கு மேல் ஏறி, 2500 ஆர்பிஎம்மில் இயல்புக்குத் திரும்பினால் ஏர் லீக் என்று எடுத்துக்கொள்ளலாம். ரேஸ் கொடுக்கக் கொடுக்க எண் ஏறினால் ஃபியூயல் பம்ப் அல்லது ஏர் ஃப்ளோ சென்சார் பக்கம் பாருங்கள்.

சரி, "இன்ஜின் போச்சு" என்பது எப்போது உண்மையாக இருக்கலாம்? கம்ப்ரஷன் டெஸ்ட் எடுத்த பிறகுதான் அதைச் சொல்ல முடியும். ஐந்து சிலிண்டர் 170 பிஎஸ்ஐ (அழுத்த அளவு) பக்கம் காட்டி ஒன்று மட்டும் 60 காட்டினால் உள்ளே ஏதோ ஆகியிருக்கிறது. அந்தச் சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அளவு ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் காஸ்கெட் (இன்ஜினின் மேல்பகுதிக்கும் சிலிண்டர் பகுதிக்கும் நடுவே உள்ள சீல்). அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர் சேர்ந்து குறைந்தால் இரண்டுக்கும் நடுவே காஸ்கெட் போயிருக்க வாய்ப்பு அதிகம்.

ஹெட் காஸ்கெட் போனால் வேறு அடையாளங்களும் இருக்கும்: வெளியே எங்கும் சொட்டாமலே கூலன்ட் குறையும், இன்ஜின் சூடான பிறகும் சைலன்சரில் இனிப்பு வாடையோடு வெள்ளைப் புகை வரும், ஹீட் ஏறும். ஆயில் மூடிக்குக் கீழே பால் காபி நிறத்தில் நுரையைக் காட்டி மட்டும் உங்களைப் பயமுறுத்தினால் உடனே ஒப்புக்கொள்ளாதீர்கள். குளிர்காலத்தில் குட்டிக் குட்டி தூரம் மட்டும் ஓடும் வண்டியிலும் ஈரம் படிந்து அப்படி வரும். டிப்ஸ்டிக்கில் ஆயில் சுத்தமாக இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் கூலன்ட் ஊற்றும் திறப்பின் மேல் கருவி வைத்துப் பார்க்கும் நீலத் திரவச் சோதனையைக் கேளுங்கள், எரிந்த வாயு இருந்தால் நீலம் மஞ்சளாகும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே திறக்காதீர்கள், முகம் வெந்துவிடும்.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் கொஞ்சம் நீலப் புகை வந்து நின்றுவிட்டால் வால்வு சீல் தேய்ந்திருக்கிறது. வாராவாரம் ஆயில் அளவைப் பார்த்து ஊற்றிக்கொண்டு பல வருடம் ஓட்டலாம். ஆனால் ஆயில் பிரஷர் விளக்கு எரிந்து, இன்ஜினின் அடியிலிருந்து சுத்தியல் அடிப்பதுபோல் சத்தம் கேட்டால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். அதற்குமேல் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்ட வேண்டாம்.

உங்களுக்கு நான் சொல்வது: பார்த்தவரிடம் போய் கம்ப்ரஷன் எடுத்தாரா, ஆறு சிலிண்டருக்கும் என்ன எண் வந்தது, பின்வரிசைப் பிளக்கைக் கழற்றிப் பார்த்தாரா என்று கேளுங்கள். எடுக்கவில்லை என்றால் வேறொரு மெக்கானிக்கிடம் அந்த டெஸ்ட்டை மட்டும் செய்யச் சொல்லுங்கள். வந்த கோடையும் ஆறு எண்களையும் இங்கே எழுதுங்கள், சேர்ந்து பார்க்கலாம்.